மூணாறில் இருந்த பாதிக் கிணறு

எங்கள் கிணற்றில் பாதி மூணாறில் இருந்தது. கிணறு என்னவோ கேரள எல்லையோரம் கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில்தான் இருந்தது. அதில் பாதிக்கு உரியவர்தான் மூணாறில் இருந்தார். அவர் என் பெரியப்பா மகன் பழனிச்சாமி. இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு வறட்சியில், மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரில் மின்சார வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மலை ஏறினார். அந்த வேலை முடிந்ததும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்து, அங்கேயே ஒரு பெண்ணையும் கட்டிக்கொண்டார். பெண் எந்த ஊர், யார் வீடு என்று அப்பா விசாரிப்பதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. அதன் பிறகு அப்பா விசாரிக்கவேயில்லை.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் நான் அவரைத் தேடிப் போக வேண்டி வந்தது. காரணம் பாசம் அல்ல, தண்ணீர்.

நான் சின்னவனாக இருந்தபோது மழைக்காலத்தில் அந்தக் கிணற்றின் மேல்படியில் உட்கார்ந்து கால் நனைக்கலாம். பிறகு ஊருக்கு மின்சாரம் வந்தது. இறவை மாடுகளை விற்றுவிட்டு மோட்டார் வாங்கினோம். பக்கத்துத் தோட்டக்காரரும் வாங்கினார். தண்ணீர் ஓர் ஆள் மட்டம் இறங்கியது. நாங்கள் வெடி வைத்து இரண்டு ஆள் ஆழம் தோண்டினோம். அவர் மூன்று ஆள் தோண்டினார். தெற்கே மலையிலிருந்து மரம் ஏற்றிய லாரிகள் எங்கள் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போயின. நாங்கள் கை காட்டினோம், லாரிக்காரர்களும் கை காட்டினார்கள். மலை வெளுத்துக்கொண்டு வந்ததை நாங்கள் கவனித்தோம் என்று சொன்னால் பொய். அங்கிருந்து வந்த ஓடை பங்குனியில் வற்றியது, பிறகு தையில் வற்றியது, பிறகு அதில் வண்டிப் பாதை போட்டார்கள்.

நான் சொல்லும் வருஷத்தில், மோட்டாரைப் போட்டால் கால் மணி நேரம் தண்ணீர் வரும், பிறகு காற்று வரும். மலையாளத்தார் இடவம் என்று சொல்லும் வைகாசிப் பாதியில் தொடங்க வேண்டிய மழை எங்களை மறந்து அது இரண்டாவது வருஷம். மேகங்கள் வேறு யாருக்கோ எழுதிய கடிதம் மாதிரி எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. தென்னை மரங்கள் உச்சியிலிருந்து காய ஆரம்பித்திருந்தன. கிணற்றுக்குள் இயந்திரத்தால் துளை போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு அனுமதி கேட்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனால், ‘பங்காளியுடைய சம்மதபத்திரம் எவிடே?’ எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்கள்.

“ஒரு கடிதாசி போட்டுக் கேக்கலாமுங்கப்பா” என்றேன்.

“கடிதாசி போட்டா பதில் போடுவான்” என்றார் அப்பா. அதுதான் அவருக்குப் பயம். “நீயே போயி கையெழுத்து வாங்கிப்போட்டு வந்துரு. நா கேட்டன்னு சொல்லாத. ஆபீஸ்ல கேட்டாங்கன்னு சொல்லு.”

அம்மா எட்டுப் படி மட்டை அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள். எங்கள் வயலில் கடைசியாக நெல் விளைந்தபோது எடுத்து வைத்தது. அதற்குப் பிறகு நாங்கள் நெல் நடவில்லை. குடிக்க ஒரு பித்தளைக் கூஜா நிறையத் தண்ணீரும் தந்தாள். “ஊர்த் தண்ணி. சிந்தாம கொண்டுபோ” என்றாள்.

எங்கள் ஊரிலிருந்து மூணாறு போவதற்குக் கேரளாவை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, மறுபடியும் கேரளாவுக்குள் ஏற வேண்டும். பூமியை அப்படிச் செய்தவர் யாரோ, அரிசிக்குக் கட்டுப்பாடு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த நாளில் தமிழ்நாட்டு அரிசி கேரளாவுக்குள் போகக்கூடாது என்று எல்லையில் சாவடி வைத்துச் சோதித்தார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து கிளம்பிய பேருந்து மலையடிவாரத்துச் சாவடியில் நின்றது. காவலர் ஒருவர் ஏறி என் பையைத் தடியால் தொட்டார்.

“என்ன இது?”

“அரிசிங்க.”

பேருந்து முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சாலையில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியாது.

“எங்கேர்ந்து வருது?”

“கோவிந்தாபுரத்துப் பக்கமுங்க. கேரளா.”

“எங்கே போகுது?”

“மூணாறுங்க. அதும் கேரளாதானுங்க.”

“கேரளாவிலேர்ந்து கேரளாவுக்குப் போற அரிசி தமிழ்நாட்டுக்குள்ள என்னய்யா பண்ணுது?”

“பஸ்ல போகுதுங்க.”

அவர் என்னை இறங்கச் சொன்னார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் பை போயிற்று. அவர் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். “செவப்பா இருக்கு. இதை நம்ம ஆளுக திங்க மாட்டாங்க. போகச் சொல்லு” என்றார். என் ஊரின் சோற்றுக்கு ஒரு மனிதர் கொடுத்த நற்சான்று என்று அதை எடுத்துக்கொண்டேன்.

நான் மறுபடி ஏறியபோது, என் பக்கத்து இருக்கையிலிருந்த அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. சாவடிக்கு முன்னால் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தார். சாவடியைத் தாண்டி இரண்டு வளைவு போனதும் சேலைக்கு உள்ளேயிருந்து இரண்டு பைகளை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டார். நல்ல வெள்ளை அரிசி.

“நீங்க ஏன் தம்பி வாயத் தொறந்து சொன்னீக?” என்று என்னைக் கடிந்துகொண்டார். பிறகு முந்தானையால் விசிறிக்கொண்டு, “ஒரு காலத்துல இந்த வளைவு வந்ததும் போர்வைய எடுத்துப் போத்திக்குவோம். இப்பப் பாருங்க, விசிறிக்கிட்டு வாரோம்” என்றார். ஜன்னலுக்கு வெளியே முள்ளும் பாறையும் நகர்ந்துகொண்டிருந்தன.

பேருந்துக்கும் புழுக்கம் தாங்கவில்லை. பாதி மலையில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓட்டுநர் ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கீழே இறங்கினார். “இங்க எப்பவும் ஓடை இருக்கும். அஞ்சு நிமிசம்” என்றார். கால் மணி நேரம் கழித்து வெறும் டப்பாவோடு ஏறி வந்தார். பாலத்துக்கு அடியில் பாலத்தின் நிழல் மட்டுமே இருந்ததாம். அவர் பயணிகளைப் பார்த்தார். பயணிகள் தங்கள் தங்கள் பைகளைப் பார்த்தார்கள். கடைசியில் ஒவ்வொருவராகக் குடிதண்ணீரை எடுத்துக் கொடுத்தோம். அம்மா சிந்தாமல் கொண்டுபோகச் சொன்ன எங்கள் ஊர்த் தண்ணீரை, அரசுப் பேருந்து ஒன்று ஒரே மடக்கில் குடித்தது.

மறுநாள் மூணாறிலிருந்து தோட்டத்துக்கு ஜீப். ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேரும், ஒரு தையல் இயந்திரமும். வண்டி ஏற ஏற வெயில் குறைந்து, பனிமூட்டம் வந்து, ஒரு திருப்பத்தில் மழை வந்தது. யாரோ குழாயைத் திறந்த மாதிரி வந்தது. இரண்டு வருஷமாக மழையைப் பார்க்காதவன் நான். தார்ப்பாயின் ஓட்டை வழியாக என் தோளில் ஒழுகியபோது நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை. மற்ற பதினைந்து பேரும் என்னைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள்.

பழனிச்சாமி அண்ணன் வீடு, தொழிலாளர்களுக்காகக் கட்டிய பத்து வீட்டு வரிசை ஒன்றில் ஏழாவது. லயம் என்பார்கள். பின்னால் ஒரு சிறிய ஓடை. ஓடைக்கு மேலே செங்குத்தான சரிவு, சரிவு முழுவதும் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். கதவைத் தட்டியதும் ஒரு பெண் வந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். இவர்தான் இருபது வருஷமாக எங்கள் வீட்டில் பெயர் சொல்லப்படாத பேச்சியம்மாள் அண்ணி.

“நான் கந்தசாமிங்க. கோவிந்தாபுரம். சித்தப்பா பையன்.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “செத்துட்டாகளா?” என்றார்.

“யாருங்க?”

“உங்க வீட்டுல யாராச்சும். இல்லாட்டி நீங்க என்னத்துக்கு வாரிய?”

யாரும் சாகவில்லை என்றதும் உள்ளே கூப்பிட்டு, காலில் ஒட்டியிருந்த மூன்று அட்டைகளை உப்பு வைத்து எடுத்துவிட்டு, பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தார். தேயிலை விளைகிற இடத்தில் குடித்த அந்தத் தேநீர், பொள்ளாச்சி பேருந்து நிலையத்துத் தேநீரைவிட மோசமாக இருந்தது. நல்ல தூள் எல்லாம் கப்பலேறிவிடுகிறது, கூட்டிப் பெருக்கியது இங்கே என்றார் அண்ணி.

மாலையில் அண்ணன் வந்தார். தோட்டத்து ஆபீசில் பியூன். தபால் வாங்குவது, கோப்பு தூக்குவது, தினம் காலையில் மழை அளப்பது. “ஏலே கந்தா!” என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும் ஊர்ப் பேச்சுக்குத் திரும்பினார். “எப்படா வந்தே? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?” இருபது வருஷத்தில் அந்தப் பேச்சு அவர் வாயில் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

மட்டை அரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். அவர் முதல் உருண்டையை வாயில் போட்டதும் வெகுநேரம் மென்றார். சாப்பாடு முடிந்து, தென்னை காய்வதைச் சொல்லி நான் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“இது சித்தப்பா கேட்டாரா, ஆபீஸ் கேட்டுதா?”

அப்பாதான் என்று பொய் சொல்ல எனக்கு ஆசைதான். “ஆபீஸ்தானுங்கண்ணா” என்றேன்.

“அப்ப நாளைக்குப் பாக்கலாம்” என்று மடித்து, மழையில் நனையாத ஒரே இடமான தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஊரை விட்டுக் கிளம்பிய மூன்றாம் நாள் காலை, மழையோடு மழையாக அவரோடு போனேன். ஆபீசுக்குப் பக்கத்துப் புல்வெளியில், வேலி போட்ட சின்னச் சதுரத்துக்குள் ஒரு செம்புப் புனல். அதற்குக் கீழே பாத்திரம். அவர் பாத்திரத்துத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கோடு பார்த்தார், எழுதினார், கொட்டினார். மறுபடி ஊற்றினார், பார்த்தார், எழுதினார், கொட்டினார். கொட்டிய தண்ணீர் என் செருப்பைத் தாண்டி ஓடிப் போயிற்று. நான்காவது முறை என்னை அறியாமல் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“அளந்தாச்சுல்ல. கொட்டித்தான் ஆவோணும்” என்றார் அண்ணன்.

“எங்களுக்கு ஒரு வருசத்துக்குப் பேயறதுங்கண்ணா இது.”

“தெரியும்டா. நானும் மொத வருசம் கொட்ட மாட்டாம நின்னவந்தான்.” நோட்டைக் காட்டினார். பதினான்கு வருஷக் கணக்கு, நோட்டு நோட்டாக ஆபீஸ் அலமாரியில் இருக்கிறதாம். “மொத்த மழை ஏறக்கொறைய அதேதான். நாள்தான் கொறஞ்சு போச்சு. முன்னெல்லாம் நாலு மாசம் பேயறத இப்ப நாலு வாரத்துல பேஞ்சுபோட்டுப் போயிருது.” சரிவைக் காட்டினார். “அங்க நா வந்தப்ப சோலைக்காடு. பேக்டரி அடுப்புக்கு அத வெட்டிப்போட்டுத் தைலமரம் வெச்சாங்க. போன வருசம் அதயும் வெட்டியாச்சு. காடு இருந்தப்ப மழை பேஞ்சு மூணாம் நாள் ஓடைல தண்ணி ஏறும். இப்ப மழை நிக்கறதுக்குள்ள ஏறிருது.”

“யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“எழுதித்தான் குடுக்கறேன், தினமும். அவிய கேக்கறது எத்தனை அங்குலம்னுதான்.”

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணி வாசலில் நின்றிருந்தார். இடுப்பில் கழுவாத பாத்திரங்கள்.

“ஓடை நின்னுட்டு” என்றார்.

அண்ணன் புரியாமல் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“மழை பெய்யுது, ஓடை நிக்கின்னா, தண்ணி மேல எங்கயோ கட்டிக்கிட்டு நிக்கி. எங்க அய்யா சொல்லிருக்காக. அவுக பாத்திருக்காக.” அவர் குரல் உயரவில்லை. “இவுக போயி சூப்பர்வைசர்கிட்டச் சொல்லட்டும். நான் ஆளுகளக் கெளப்புதேன்.”

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் சத்தத்தோடு ஓடிய இடத்தில் ஈரக் கற்கள் மட்டும் கிடந்தன. எங்கள் ஊரில் அப்படி ஓர் ஓடையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. அங்கே நிற்காமல் அண்ணனிடம் திரும்பினேன்.

அண்ணனும் நானும் சூப்பர்வைசரிடம் ஓடினோம். நடுவயதுக்காரர், கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். “வேலை நாளில் லயத்தைக் காலி பண்ண மானேஜர் கையெழுத்து வேணும் பழனிச்சாமி. அவர் கொச்சிக்குப் போயிருக்கார். நாளன்னைக்கு வந்துருவார்” என்றார்.

“ஓடைக்கு அது தெரியாதுங்க” என்றார் அண்ணன். தன் மேலதிகாரி மேசை முன் அவர் எங்கள் ஊர்ப் பேச்சின் ‘ங்க’ போட்டுப் பேசியதை அன்றுதான் அந்த ஆபீஸ் கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் திரும்புவதற்குள் அண்ணி பத்து வீட்டையும் கிளப்பியிருந்தார். ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்துத் தட்டிக்கொண்டே, வீடு வீடாக நுழைந்து அடுப்பில் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அடுப்பு அணைந்தால் பெண்கள் வெளியே வந்துதானே ஆக வேண்டும். திட்டிக்கொண்டே வந்தார்கள். அவசரத்தில் மனிதர்கள் எதை எடுப்பார்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஒருவர் சுவர்க் காலண்டரை எடுத்திருந்தார். ஒருவர் ஒற்றைச் செருப்பு. ஓர் அம்மாள் அடைக்கு உட்கார்ந்த கோழியைக் கூடையோடு என் தலையில் ஏற்றினார். கோழி வழி முழுவதும் என் காதைக் கொத்தியது. மேட்டில் கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு எல்லோரும் ஏறினோம். காய்ச்சலில் கிடந்த ஒரு பெரியவரை அண்ணன் முதுகில் தூக்கி வந்தார்.

கொட்டகையில் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அது ஒரு கஷ்டமான அரை மணி நேரம். ஒரு பெண், “எங்கடி உன் வெள்ளம்? என் அடுப்பை அணைச்சியே, சோத்துக்கு என்ன செய்ய?” என்று அண்ணியிடம் சண்டைக்கு வந்தாள். அண்ணி சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் திரும்பிப் போகப் பாய் படுக்கையைச் சுருட்டினார்கள். அண்ணன் கொட்டகை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “இன்னொரு பத்து நிமிசம்” என்றார். பத்து நிமிஷம் கழித்தும் அதையே சொன்னார்.

முதலில் வாடை வந்தது. புதிதாக வெட்டிய குழியில் வருமே, அந்தப் பச்சை மண் வாடை. பிறகு மேலே நின்ற அடிக்கட்டைகள் வரிசை குலையாமல் நகர்ந்தன. சரிவு அப்படியே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. நான் எண்ணியிருந்தால் இருபது வரை எண்ணியிருப்பேன். அது முடிந்தபோது லயத்தில் இந்தக் கோடியில் மூன்று வீடு நின்றது. ஏழு வீடு இருந்த இடத்தில் சிவப்புச் சேறும் பாறையும் இருந்தன. அதன் நடுவே, காணாமல் போயிருந்த ஓடை, ஒன்றும் தெரியாதது போல ஓடிக்கொண்டிருந்தது.

யாரும் அழவில்லை. சண்டைக்கு வந்த பெண் மெதுவாக நகர்ந்து வந்து அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் குடையோடு ஓடி வந்தார். பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணினார். மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் சரியாக வந்தது. பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு, கொட்டகைக்கு வெளியே போய் மழையில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து அண்ணிதான், “உள்ள வாங்கய்யா, சளி புடிக்கும்” என்றார்.

இரண்டு ஆடுகள் போயின. தகரப் பெட்டியும், அதற்குள்ளே எங்கள் சம்மதபத்திரமும் போயின.

நான்காம் நாள் காலை மழை விட்டிருந்தது. கொட்டகையில் சணல் சாக்குமேல் படுத்திருந்த அண்ணன் எழுந்து, யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு மழை அளக்கக் கிளம்பினார். நானும் போனேன். வேலியும் புனலும் அப்படியே இருந்தன. பாத்திரம் நிரம்பி வழிந்திருந்தது. எவ்வளவு வழிந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, ‘அளக்க முடியவில்லை’ என்று எழுதினார். பதினான்கு வருஷத்தில் எண் இல்லாத நாள் அது ஒன்றுதான் என்றார்.

“கையெழுத்துப் போட்டுட்டேன்டா” என்றார் திடீரென்று.

“எதுலீங்கண்ணா?”

“அந்தக் காயிதத்துல. நேத்து விடியக்காலைல, நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி. ஆபீஸ் கேட்டா என்ன, சித்தப்பா கேட்டா என்ன, தென்னை காயுதுன்னு நீ சொன்னியே.” சேறு மூடிய பக்கம் பார்த்தார். “உள்ளதான் எங்கியோ கெடக்குது.”

அப்பாவைக் கேட்காமல் நான் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவை அங்கேதான் எடுத்தேன். “நம்மூட்டுக்கு வாங்கண்ணா. அண்ணியையும் கூட்டிக்கிட்டு.”

“சித்தப்பா சொன்னாரா?”

“நான் சொல்றனுங்க.”

அண்ணன் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். அண்ணியிடம் சொன்னபோது அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். “புது லயம் கட்ட ரெண்டு மாசமாவும்னு சொல்லுதாக. அதுவரைக்கும் சாக்குல படுக்க முடியாது. வாரேன். ஆனா யாராச்சும் என்ன வாசல்ல நிக்க வச்சா, அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். இது உங்களுக்கும் சேத்துத்தான்” என்று கணவரையும் பார்த்துச் சொன்னார். அண்ணனுக்கு ஆபீசில் விடுப்பு கேட்டபோது, சூப்பர்வைசர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. மழை அளக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

சாலை மூன்று இடத்தில் அறுந்திருந்ததால், ஐந்தாம் நாள் பாதித் தூரம் நடந்தோம். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று மீதித் தூரம் கொண்டு வந்து விட்டது. மூட்டைமேல் உட்கார்ந்து இறங்க இறங்க, பச்சை மங்கி, மஞ்சளாகி, பழுப்பானது. அண்ணி மலையை விட்டு அவ்வளவு கீழே இறங்கியது அதுதான் முதல் தடவை. “இங்க எல்லாத்தையும் அறுத்துட்டாகளா?” என்று கேட்டார். இல்லை, எதுவும் நடவில்லை என்றேன்.

ஆறாம் நாள் மத்தியானம் வீட்டு வாசலில் நின்றோம். மூன்று பேர் மேலும் சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா தேங்காய் மட்டையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு சேற்றைப் பார்த்தார். இரண்டு வருஷமாக அவர் அவ்வளவு சேற்றை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

“மழையா?” என்றார்.

“மழைதான் மாமா. வீடு போயிட்டு” என்றார் அண்ணி.

அப்பா கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டார். “உள்ள வாங்க” என்றார். இருபது வருஷத்துப் பகையை முடித்துவைத்த பேச்சு முழுவதும் அவ்வளவுதான். நான் வழி முழுவதும் யோசித்து வைத்திருந்த எந்த வாதத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணி பாதி குடித்துவிட்டு, மீதியை வழக்கப்படி வாசலில் வீசி ஊற்றினார். அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ செத்தால் வருகிற சத்தம். அண்ணி பயந்து போய்ச் சொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஒரு குடத்தில் இரண்டு பேர் எப்படிக் குளிப்பது என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். “இதுக்குப் பேரு குளியலாக்கும்” என்று அண்ணி முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

அண்ணன் நேரிலேயே வில்லேஜ் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டார். துளை போட்டோம். இரண்டாம் நாள் சேறும் மூன்றாம் நாள் தண்ணீரும் வந்தன. ஊரே வந்து குடித்துப் பார்த்துவிட்டு, மறுவாரம் பக்கத்துத் தோட்டக்காரரும் துளைக்காரரைக் கூப்பிட்டார். எங்களைவிட ஆழமாகப் போடச் சொன்னார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. முன்பு அவரும் அதைத்தானே செய்திருந்தார்.

புரட்டாசியில் புது லயம் தயார் என்று கடிதம் வந்தது. வேறு மேட்டில், ஓடைக்குத் தள்ளிக் கட்டியிருந்தார்களாம். அண்ணன் ஊரிலேயே இருந்துவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தார். அண்ணி கிணற்றைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு குடும்பத்துக்கு இதுல காணாது” என்றார். அது கணக்கு தெரிந்தவர் சொன்ன பேச்சு. யாரும் மறுக்கவில்லை.

பேருந்து நிறுத்தம் வரை அப்பாவே வந்தார். அண்ணியிடம் நேராகப் பேசத் தெரியாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அங்க மழை சாஸ்தியாச்சுன்னா, கையெழுத்து அது இதுன்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. கெளம்பி இங்க வந்துருங்க.”

“சரி மாமா.”

பேருந்து வந்தது. அவர்கள் ஏறிய பிறகு அப்பா இன்னும் எதையோ சொல்ல வேண்டியிருந்தவர் போல ஜன்னல் பக்கம் போனார். “இங்க மழை பேயலைன்னா…” என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாங்க அங்க வர்றோம்.”

“வாங்க. எடம் இருக்கு” என்றார் அண்ணி.

அடுத்த கோடையில் நாங்கள்தான் முதலில் போனோம்.